ஆமா, போடல

எதிர் வீட்டில் சண்டைச் சத்தம் நின்று போனபோதுதான் எனக்குப் பயம் வந்தது. இந்தக் கதவும் அந்தக் கதவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கிற கட்டடம் இது. அங்கே வெங்காயம் வதங்கினால் இங்கே என் கண் எரியும். அந்த வீட்டு வேன் டிரைவரும் அவர் பெண்டாட்டியும் வாய்க்கு வாய் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டேதான் நான் தையல் மிஷினை மிதிப்பேன். ரேடியோ வாங்குகிற செலவு எனக்கு மிச்சம். அப்படிப்பட்ட வீடு சாப்பாட்டு நேரத்தில்கூட மூச்சுக் காட்டாமல் கிடந்தால் யார்தான் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்? ஊசியை அப்படியே விட்டுவிட்டுப் போய் எட்டிப் பார்த்தேன்.

புருஷன், பெண்டாட்டி, மகள் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவள் வாயைத் திறந்தாள், புருஷனைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். டிரைவர்தான் பேசினார்.

"கம் அக்கா. சிட்."

"என்னய்யா ஆச்சு உனக்கு?"

"இந்த வீட்டுல இனிமே ஒன்லி இங்கிலீஷ்தான்க்கா. விசாரணை முடியற வரைக்கும் வேற பேச்சே கிடையாது" என்றவர், தான் போட்ட சட்டத்தைத் தானே மீறிவிட்டது தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மகள் தட்டுக்குள் தலையை விட்டுச் சிரித்தாள். தாய்க்காரி சிரிக்கவில்லை. உப்பு வேண்டியிருந்தது போல. அதற்கு இங்கிலீஷில் என்னவென்று யோசித்தாள், வரவில்லை, உப்பில்லாமலே பிசைந்து தின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவள் வேலை பார்த்தது பெரிய சலவைக்கூடத்தில். ஹோட்டல் விரிப்பு, ஆஸ்பத்திரி விரிப்பு, தலையணை உறை, எல்லாம் மலை மலையாக வண்டியில் வந்து இறங்கும். துவைத்துப் பிழிந்த விரிப்பை ரோலர் என்கிற ராட்சச இஸ்திரி மிஷினுக்குள் இரண்டு பேர் முனையைப் பிடித்து விடுவார்கள். சூடான உருளைகளுக்கு நடுவே போய் அந்தப் பக்கம் மொடமொடவென்று வெளியே வரும். அங்கே இரண்டு பேர் பிடித்து மடிக்க வேண்டும். வெளியே மழை கொட்டினாலும் உள்ளே நீராவியில் ஆள் வேகும். ரவிக்கை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். விரல் நுனியெல்லாம் ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும். இவள் மடித்த விரிப்பில் ஓரத்தோடு ஓரம் இம்மி பிசகாது. அதனால் கூடத்தில் எல்லோருக்கும் இவள் 'நேர்க்கோடு'. இவளுக்கு ஜோடியாக நின்றவள் 'வாயாடி'. பெயருக்கு ஏற்ற மாதிரி, ரோலர் போடுகிற இரைச்சலுக்கு மேலே கத்திக் கதை சொல்லுகிறவள். மத்தியானம் இரண்டு பேரும் ஒரே டப்பாவில் கை வைத்துத்தான் தின்பார்கள். ஒருத்தி வராத நாளில் மற்றவளுக்குச் சோறு இறங்காது.

போன மாதம் ஷிப்ட் தலைவி வேலை காலியானது. ஹோட்டல்காரர்களோடு போனில் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவள்தான் வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அவருக்கு நம் பேச்சு ஒரு வார்த்தை வராது. நேர்க்கோடு நமக்கெதற்கு என்று விட்டுவிட்டாள். டிரைவர் விடுவாரா?

"நான் தினமும் வெளியூர்க்காரங்களை வண்டியில ஏத்திட்டுத் திரியறேன். எனக்கு என்ன பெருசா இங்கிலீஷ் தெரியும்? யெஸ் சார், நோ பிராப்ளம் சார், அவ்வளவுதான். அதை வெச்சே ஓட்டிட்டிருக்கேன். அவங்க என்ன கேட்டாலும் முழிக்காத. முழிச்சா தெரியலைன்னு கண்டுபிடிச்சுருவாங்க. சட்டுனு யெஸ் சொல்லு. மத்தது தானா வரும்."

"எல்லாத்துக்குமா யெஸ்?"

"பின்ன, மேனேஜர்கிட்ட நோ சொல்லவா போற?"

மேனேஜர் கூப்பிட்டு "யூ நோ இங்கிலீஷ்?" என்றார். "யெஸ் சார்" என்றாள். "டெலிபோன் ஆல்சோ?" "யெஸ் சார்." பார்க்கலாம் என்றார். அன்றைக்குச் சாயங்காலம் டிரைவர் கட்டடம் முழுக்க டீ வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன், பொய் சொல்வானேன்.

அந்த வேலை கைக்கு வருவதற்குள்தான் அது நடந்தது. ரோலருக்குள் ஒரு விரிப்பு சுருண்டு சிக்கிக்கொண்டது. மிஷினை நிறுத்தினார்கள். அந்த சுவிட்ச் எத்தனையோ நாளாக லொடலொட. குத்தினால் நிற்கும், பக்கத்தில் யாராவது தள்ளுவண்டியை இடித்தால் ஓடும். மெக்கானிக் டேப் சுற்றி வைத்திருந்தான். கை பட்டால் மிஷினை நிறுத்த வேண்டிய கம்பியும் வேலை செய்யவில்லை. வாயாடி கையை விட்டுச் சிக்கலை இழுத்தாள். நேர்க்கோடு இந்தப் பக்கம், சுவிட்சுக்குப் பக்கத்தில்தான், விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிஷின் தானாக ஓடியது. வாயாடியின் வலது கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போய்விட்டது. அந்த அலறலைத் தன் காதிலிருந்து கழுவ முடியவில்லை என்று நேர்க்கோடு என் மடியில் விழுந்து அழுதாள்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். இங்கிலீஷ்தான். நேர்க்கோட்டைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் பக்கத்திலேயே இருந்தார், இவளுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று அவரே மேடத்திடம் சொன்னாராம். மேடம் நல்ல மாதிரி. தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொல்லி, மெதுவாகத்தான் கேட்டார்.

"யூ டிட் நாட் சுவிட்ச் இட் ஆன்?"

நீ சுவிட்சைப் போடலையே? அவளுக்கு நன்றாகவே புரிந்தது. எப்படிப்பட்ட கேள்வி அது! அப்பாடா, இந்த அம்மாவுக்கே தெரிந்திருக்கிறது என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்களும் நானும் என்ன சொல்வோம்? 'ஆமாங்க, போடல' என்போம். அதையேதான் அவளும் சொன்னாள்.

"யெஸ், மேடம்."

மேடம் மறுபடியும் கேட்டார். "டிடின்ட் யூ?"

"யெஸ், மேடம். யெஸ், யெஸ்."

எழுதிக்கொண்டார்கள். கையெழுத்து வாங்கினார்கள். வெளியே வந்து ஒரு டீ குடித்தாள். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாளாம். மறுநாள் கூடத்துக்குப் போனால் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேர்க்கோடுதான் மிஷினைப் போட்டாளாம், அவள் வாயாலேயே ஒத்துக்கொண்டுவிட்டாளாம். அவளுக்கு வேலை நிறுத்தி வைப்பு.

பதறியடித்துக்கொண்டு மேனேஜரிடம் ஓடினாள். 'நோ சார், நோ சார்' என்று அழுது தீர்த்த பிறகு, கடைசியாக இன்னொரு விசாரணைக்கு அந்த மனிதர் சம்மதித்தார். அதையும் லேசில் கொடுக்கவில்லை. சுவிட்ச் கெட்டிருந்தது என்று ஆகிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே?

ஆஸ்பத்திரிக்கு என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வழி நெடுக மழை. வார்டு வாசலில் வாயாடியின் புருஷன் எங்களைப் பார்த்துவிட்டு எச்சில் துப்பாத குறையாக எழுந்து போனான். வாயாடி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கை ஒரு பெரிய வெள்ளைப் பொட்டலமாக வயிற்றின் மேல் கிடந்தது.

"ஏன்க்கா, நீயா போட்ட?" என்றாள், திரும்பாமலே.

"இல்லடி. சத்தியமா இல்ல."

"அப்ப ஏன் ஆமான்னு சொன்ன?"

"நீ போடலையேன்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன்."

வாயாடி மெல்லத் திரும்பினாள். இவள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கை வலிக்கிறது, வலிக்க வலிக்கச் சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது.

"அடி பாவி! ஆமா, போடலன்னு சொல்லியிருக்க!"

"அதைத்தான்டி சொன்னேன்."

"இது எனக்குப் புரியுது. எங்க வீட்டு ஆளுக்குச் சொன்னாக்கூடப் புரியும். அந்த அம்மாவுக்கு எப்படிப் புரிய வைப்ப?"

"தெரியலையே."

"என் கையப் பாருக்கா. ரெண்டு விரல் இல்ல. மத்தது மடங்குமான்னு தெரியாது. இதை யார் பண்ணினாங்கன்னு எழுதறாங்களோ அவங்க பண்ணினதாத்தான் ஆயிடும். மிஷின் பண்ணிச்சுன்னு எழுத வை. நீ பண்ணினேன்னு இருந்துச்சுன்னா, நாளைக்கு எனக்கே ஒரு நேரம் உன்மேல சந்தேகம் வரும். வலி வந்தா மனசு என்ன நினைக்கும்னு சொல்ல முடியாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நேர்க்கோடு ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள். "வேலை போனா போகட்டும்க்கா. வேற எடத்துல பாத்திரம் தேய்ச்சுக்கறேன். அவ கையை நான் நசுக்கலன்னு அந்தக் காகிதத்துல வரணும்."

அதற்குப் பிறகுதான் டிரைவர் இந்த இங்கிலீஷ் சட்டத்தைப் போட்டார். நான் நல்ல விதமாகத்தான் சொன்னேன்.

"ஏன்பா, எனக்கு இங்கிலீஷ் தெரியாது, கேட்டது புரியாம சொல்லிட்டேன்னு நம்ம பேச்சுலயே சொல்லிட்டுப் போறா. மொழி தெரிஞ்ச ஒருத்தரை வெச்சுக் கேக்கட்டுமே."

"அங்கதான்க்கா சிக்கல் இருக்கு" என்று டிரைவர் தலையைச் சொறிந்தார். "தெரியும்னு மேனேஜர்கிட்ட அவளே சொல்லியிருக்கா. இப்ப தெரியாதுன்னா, அப்ப பொய்யா சொன்னேம்பாங்க. பொய் சொல்ற பொம்பளை, மிஷினைப் போடலன்னு சொல்றதை மட்டும் எவன் நம்புவான்? போய் நல்ல இங்கிலீஷ்ல, தப்பில்லாம, தலை நிமிர்ந்து சொல்லணும். அப்பத்தான் மதிப்பாங்க."

எனக்கும் சரி என்றுதான் பட்டது. அவர் முகத்தைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. யெஸ் சொல்லக் கற்றுக்கொடுத்த வாய் அது. பெண்டாட்டி ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட மனுஷன் கொஞ்சம் தேறியிருப்பார்.

வாத்தியார் வேலை மகளுக்கு. ஒன்பதாவது படிக்கிறாள், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ்தான். சாயங்காலம் நான் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

"அம்மா, நாட் போட்டுக் கேட்டாங்கன்னா மயங்கிடாத. நீ போட்டியா, இல்லையா, அதை மட்டும் பாரு. போடலைன்னா நோ. எப்படிக் கேட்டாலும் நோ."

"போடலையேன்னு கேக்கறப்போ நோ சொன்னா, இல்ல போட்டேன்னு ஆகாதாடி?"

"ஆகாதும்மா. இங்கிலீஷ்ல கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லக் கூடாது. நடந்ததுக்குப் பதில் சொல்லணும்."

"கேக்கறது மனுஷி. அவங்களுக்குச் சொல்லாம சுவத்துக்கா சொல்லுவேன்? அவங்க சரியாச் சொன்னா ஆமாங்கறதுதானே மரியாதை?"

"அந்த மரியாதைதான் உன்னை மாட்டி விட்டுச்சு" என்றாள் அந்தப் பெண், வெடுக்கென்று. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே அழுதாள்.

நாளாக ஆக அந்த வீடு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள், ஆனாலும் உள்ளே காற்றே இல்லாத மாதிரி இருக்கும். மழை விடவில்லை. துவைத்த துணியெல்லாம் வீட்டுக்குள் கயிற்றில் தொங்கி ஊளை நாற்றம் அடித்தது. அந்த ஈரத் துணிகளுக்கு நடுவே நின்றுகொண்டு அவள் தனக்குத் தானே கேள்வி கேட்டு, தனக்குத் தானே தலையாட்டாமல் பதில் சொல்லிப் பழகினாள். தலையாட்டுவதும் ஆபத்தாம். நாம் ஆட்டுகிற ஆட்டு அவர்களுக்கு ஆமாவா இல்லையா என்று தெரியாதாம். அதனால் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு அடுப்பு வேலை பார்த்தாள். வேலைக்குப் போகாத கை என்ன செய்யும்? பீரோவில் இருந்த புடவையையெல்லாம் எடுத்து எடுத்து மடித்தாள். மடித்ததையே உதறி மறுபடியும் மடித்தாள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் வெடித்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த டிரைவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"யூ... யூ..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. கரண்டியைத் தூக்கி எறிந்தாள். "போய்யா! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? பால் பொங்கறது தெரியல? கட்டின புருஷனைத் திட்டக்கூட வார்த்தை இல்லாத வீட்டுல மனுஷி எப்படிய்யா குடியிருப்பா? வாய்க்குள்ளயே எல்லாத்தையும் போட்டுப் பூட்டிக்கிட்டு மூச்சு முட்டுதுய்யா எனக்கு!"

டிரைவர் கரண்டியை எடுத்துக் கழுவி வைத்தார். "திட்டும்மா" என்றார். "நல்லாத் திட்டு. எனக்கும் காது காஞ்சு போய்க் கிடக்கு."

அன்றைக்கு ஒரு மணி நேரம் திட்டினாள். நான் தையலை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்டேன். ஊறப்போட்ட துணியை அடித்துத் துவைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மகளின் எதிரில் உட்கார்ந்தாள். "கேளுடி" என்றாள்.

இத்தனைக்கும் பிறகு அவள் கற்றுக்கொண்டாளா என்றால், கற்றுக்கொண்டாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் தடுமாறுகிற வாய் எது, தடுமாறாத வாய் எது என்று காதுக்குத் தெரியாதா? ஒரு கை வேலை பிடிபட்டால் அதை விடாத சாதி அவள். மகள் நாட் போட்டுக் கேட்டாள், போடாமல் கேட்டாள், திருப்பிப் போட்டுக் கேட்டாள். எப்படிக் கேட்டாலும் "நோ, மேடம். ஐ டிட் நாட் சுவிட்ச் இட் ஆன்" என்று தண்ணீர் மாதிரி வந்தது. சுவிட்ச் லொடலொட என்பதற்கு, கம்பி வேலை செய்யவில்லை என்பதற்கு, எங்கள் பேச்சில் ஆமா என்றால் நீங்கள் சொல்வது சரி என்று அர்த்தம் என்பதற்கு, எல்லாவற்றுக்கும் வாக்கியம் வைத்திருந்தாள். இதையெல்லாம் மகள் எழுதிக் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு இவளே கோர்த்துக்கொண்டது.

விசாரணை நாளன்று இருக்கிறதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். டிரைவர் சவாரியை விட்டுவிட்டு வேனிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார். உள்ளே விட மாட்டார்கள் என்றதால் திரும்பி வந்துவிட்டார். வந்தவருக்கு இருப்பே கொள்ளவில்லை. என் வாசலில் வந்து நிற்பார், அவர் வாசலில் போய் நிற்பார். மகள் பள்ளிக்கூடம் போகவில்லை.

மத்தியானம் தாண்டி அவள் வந்தாள். குடை இருந்தும் விரிக்கவில்லை போலிருக்கிறது, சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். வந்தவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"பேசினியா?" என்றார் டிரைவர்.

"பேசினேன்."

"திக்கினியா?"

"ஒரு எடத்துலகூடத் திக்கல. சுவிட்சைச் சொன்னேன், கம்பியைச் சொன்னேன். நம்ம பேச்சுல ஆமான்னா என்ன அர்த்தம்னு சொன்னேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"மேடம் கேட்டாங்களா?"

"நல்லாக் கேட்டாங்க. நடுவுல பேசவே இல்ல. நான் முடிச்சதும் சிரிச்சுக்கிட்டே, உன் இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்குன்னாங்க."

டிரைவர் துள்ளிக் குதித்துவிட்டார். "அக்கா, கேட்டீங்களா? மேடம் வாயாலயே சொல்லிட்டாங்க! நீ என்ன சொன்ன?"

"தேங்க் யூ மேடம்னு சொன்னேன்."

"சபாஷ்! அப்புறம்?"

அவள் துண்டை வாங்கித் தலையைத் துவட்டவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு நல்லாப் பேசறியே, அப்ப அன்னைக்கு நான் கேட்டதும் உனக்குப் புரிஞ்சுதான் இருக்கும்னாங்க."

மகளுக்கு உடனே விளங்கிவிட்டது. டிரைவருக்கு இன்னும் விளங்கவில்லை.

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

"என்னய்யா சொல்றது? புரிஞ்சுதுன்னா, அன்னைக்குச் சொன்ன யெஸ் யெஸ்தான். புரியலைன்னா, இங்கிலீஷ் தெரியும்னு பொய் சொல்லி ஏமாத்தினவ. மேனேஜர் என்னையே பார்த்துக்கிட்டிருக்காரு. எனக்கு வாயே வரல. அப்படியே நின்னேன்."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"ஒண்ணுமே சொல்லல. சும்மா நின்னதை யெஸ்ஸுன்னு எழுதிக்கிட்டாங்க. நாளையிலேர்ந்து வர வேணாமாம்."

"போகட்டும்மா" என்றேன் நான். "வேலை போனா போகட்டும்னு நீதானே சொன்ன."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தை நான் பார்த்திருக்க வேண்டாம்.

"வேலையை யாருக்கா கேட்டா? அவ கை என் பேர்ல ஆயிடுச்சுக்கா."